செழியனின் சொந்த வண்டி

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்கும்போதுதான் எங்கள் இரண்டு கடைக்கும் வியாபாரம். கேட்டில் நிற்கிறவனுக்குச் சும்மா நிற்க முடியாது. பிரேக்கை அழுத்திப் பார்ப்பான், ஆக்சிலேட்டரைத் திருகிப் பார்ப்பான், ஏதோ ஒன்று சரியில்லை என்று அவனுக்கே தோன்றும், ஓரங்கட்டுவான். வேலை இளஞ்செழியனுக்கு, சாமான் எனக்கு. அவன் மெக்கானிக், நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீது. நடுவில் ஒரே ஒரு சுவர். பதினெட்டு வருஷமாக அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டிருக்கிறோம், ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்திருக்கிறோம்.

அவனைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அவன் மகள் அவனோடு பேசுவதில்லை. ஒரே மகள். அவள் பேச வேண்டுமென்றால் ஓர் உண்மையைச் சொன்னால் போதும். அது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். கடவுளே இல்லை என்கிறவன், என்னை மட்டும் அல்லா மேல் ஆணையிடச் சொன்னான். அதனால் எல்லார் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன், என் பெயர் உட்பட. படிக்கிறவர்கள் யாராவது இன்னார் என்று கண்டுபிடித்துவிட்டால், தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.

செழியனின் பேர் பரவியது டேங்க் வேலையில்தான். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவன் வெளிநாட்டில் இருக்கிறான். போகும்போது வண்டியை மாட்டுக் கொட்டகை ஓரமாக நிறுத்தி, உரச் சாக்கைப் போர்த்திவிட்டுப் போவான். இரண்டு வருஷம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் டேங்குக்குள் ஏதோ முனகும், வண்டி கிளம்பாது. திறந்து பார்த்தால் உள்ளே துரு. இப்போதைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது. துரு போய் அதன் சல்லடையை அடைக்கும், பம்ப் இழுத்து இழுத்துப் பார்த்து, சூடாகி, ஒருநாள் செத்துப் போகும். வேறு மெக்கானிக் என்றால் புது டேங்க், புதுப் பம்ப் என்று எழுதிக் கொடுப்பான். எனக்கும் அதில்தான் நாலு காசு. செழியன் அப்படிச் செய்ய மாட்டான், அதற்காகவே அவனை நான் திட்டியிருக்கிறேன்.

பம்பைக் கழற்றிச் சல்லடையை மாற்றுவான். டேங்குக்குள் பழைய நட்டுகளையும் ஒரு கைப்பிடி ஜல்லியையும் போட்டு, துரு கரைக்கும் தண்ணியை ஊற்றி, கைக்குழந்தையை ஏந்துவது போல ஏந்திக் குலுக்குவான். அரை மணி நேரம் குலுக்கல், பிறகு ஊறல், மறுபடி குலுக்கல். மூன்று முறை கழுவிய கையோடு காற்று அடித்துக் காயவைத்து, ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிவிடுவான். காயவைக்கத் தெரியாதவன் கழுவக் கூடாது என்பது அவன் கட்சி. வேலை முடிந்ததும் டார்ச் அடித்து, வண்டிக்காரனின் தலையைப் பிடித்து உள்ளே பார்க்கவைப்பான். கூடவே திட்டும் விழும்.

"ஊருக்குப் போறப்ப கழுத்து வரைக்கும் பெட்ரோல் ஊத்திட்டுப் போங்கடான்னா கேக்குறீங்களா? காலி இடம் இருந்தா அது வேர்க்கும். வேர்த்தா துருதான். படிச்சவங்கதானே எல்லாரும்?"

அவன் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். மகனுக்குப் பெயரும் கொள்கையும் தவிர வேறெதையும் விட்டுவைக்கவில்லை. செழியன் கோயில் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் வெளியே நிற்கிற ஆள். வாய்த்த மனைவி ஆனந்தவல்லியோ, வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வாசல்படிக்கு மஞ்சள் பூசாமல் காப்பி குடிக்க மாட்டாள். இரண்டு பேரும் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்றால், நன்றாகவே நடத்தினார்கள். அவள் கும்பிடும்போது அவன் பேப்பர் படிப்பான். அவன் கூட்டத்துக்குப் போகும்போது அவள் சட்டையைத் தேய்த்துக் கொடுப்பாள்.

கொரோனா வருஷத்தில் அவன் தனக்கென்று முதல்முறையாகப் புது வண்டி வாங்கினான். அன்றைக்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், ஹெட்லைட்டுக்குச் சந்தனம் என்று அவள் தட்டோடு வந்து நிற்க, இவன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பப் பார்த்திருக்கிறான். கடைக்கு வருகிறவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்பது இவன் வாதம். ரோட்டில் போகிற மனுஷன் திரும்பி வர வேண்டாமா என்பது அவள் வாதம். கடைசியில் ஒப்பந்தம் ஆனது. வெளியே தெரிகிற இடத்தில் வைக்கக் கூடாது. பெட்ரோல் மூடியைச் சுற்றி ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதல்லவா, அதற்குள் வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைக்கு ஒரு பொட்டுச் சந்தனம், அதன் மேல் கொஞ்சம் குங்குமம்.

இரண்டு வருஷத்தில் ஆனந்தவல்லிக்கு மூட்டு வலி வந்து படி இறங்கச் சிரமமானது. அதிலிருந்து அந்த வேலை மகள் வானதி கைக்குப் போயிற்று. தஞ்சாவூர்க் காலேஜுக்கு ரயில் பிடிக்க ஓடுகிற அவசரத்திலும், வெள்ளிக்கிழமையானால் சந்தன வில்லையைக் குழைத்துக்கொண்டு வந்துவிடுவாள். அம்மா ஒரு பொட்டு வைத்தால் இவள் ஓர் உருண்டை வைப்பாள்.

"இன்னிக்கு உங்களுக்கு எக்ஸ்ட்ரா பாதுகாப்புப்பா" என்று சொல்லிவிட்டு அவன் நெற்றிக்கும் விரலைக் கொண்டுபோவாளாம். அவன் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்வானாம். இதை அவனே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். மனைவி வைத்தபோது முணுமுணுத்தவன் மகள் வைத்தபோது ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆனால் கடைக்கு வந்து இறங்கியதும் முதல் வேலையாகக் கைத்துணியை எடுத்துப் பள்ளத்தை ஒரு தேய்ப்புத் தேய்த்துத் துடைத்துவிடுவான். நான் சும்மா இருப்பேனா?

"என்ன செழியா, பகுத்தறிவு வேலை செய்யுதா?"

"வெச்சது என் புள்ள, துடைக்கிறது நான். நடுவுல சாமிக்கு என்ன பாய் வேலை?" என்பான்.

போன ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை விடவில்லை. மார்கழி பிறந்தபோது அவன் வண்டி வருகிற சத்தத்திலேயே எனக்கு வித்தியாசம் தெரிந்தது. வேகம் எடுக்கும்போது ஒரு திக்கல். பம்ப் சரியாக இழுக்கவில்லை என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே சொன்னேன்.

"கொல்லன் தெருவுல ஊசி விக்கிறீங்களா பாய்? எனக்குத் தெரியாதா? நாளைக்கு இறக்கிப் பாக்கிறேன்."

நாளைக்கு, நாளைக்கு என்று தை வந்துவிட்டது. சம்பா அறுப்பு. வயலுக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் அலைகிறவர்கள் எல்லாருக்கும் வண்டி இன்றைக்கே வேண்டும். செழியன் கடையில் நாலு டேங்க் வரிசையில் காத்திருந்தன. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியன் பிள்ளை சீக்கு என்பார்கள். இது அவன் தப்புதான், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

தை இருபதாம் தேதி வாக்கில் ஒரு புதன்கிழமை. சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தான். வீடு ஆறு கிலோமீட்டர் தள்ளி. ஆனந்தவல்லி நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே ஒரு மாதிரி இருக்கிறது, இடது தோள் இழுக்கிறது என்றாள். இவன் ஆம்புலன்ஸுக்குப் போனை எடுக்க, "வாயுவுக்கெல்லாமா ஆம்புலன்ஸ் கூப்பிடுவாங்க? உங்க வண்டியிலயே போயிட்டு வந்துடலாம்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து, புடவை மாற்றி, தலையை வாரிக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்தாள். பத்து நிமிஷ வழிதானே என்று இவனும் கிளம்பிவிட்டான்.

மூன்றாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது.

பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருந்த இடம். அவளை இறக்கி ஓரமாக உட்காரவைத்துவிட்டு, சாவியைத் திருப்பிக் காதைக் கொடுத்திருக்கிறான். பம்ப் சத்தமே இல்லை. சீட்டைக் கழற்றினான். ஃபியூஸைப் பார்த்தான். ஒயரைப் பிடுங்கிச் சொருகினான். ஸ்பேனரால் டேங்க் அடியில் இரண்டு தட்டுத் தட்டினான். சிக்கிக்கொண்ட பம்ப் சில நேரம் அப்படித் தட்டினால் ஓடும். ஓடியது. வண்டி கிளம்பியது. அவளை ஏறச் சொன்னான். ஏறினாள். இருபதடி போய் மறுபடி நின்றது.

அந்த இருபதடிதான் அவனைக் கெடுத்தது. வராது என்று தெரிந்திருந்தால் விட்டிருப்பான். வந்துவிட்டதே, இன்னொரு தட்டில் வந்துவிடும் என்று மறுபடி குனிந்தான். வேறு எவனாக இருந்தாலும் வண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு நடுரோட்டில் நின்று கையைக் காட்டியிருப்பான். இவன் மெக்கானிக். கண்ணெதிரே நின்ற வண்டியைச் சரிபண்ணாமல் விட இவனுக்குத் தெரியாது. அதற்குள் இரண்டு பஸ் அவர்களைத் தாண்டிப் போயிருக்கிறது. ஆனந்தவல்லி ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை.

"பரவாயில்லைங்க, பதட்டப்படாம பாருங்க" என்றாளாம்.

நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த நல்லக்கண்ணு என்ற பெரியவர்தான் அவள் சாய்வதைப் பார்த்துச் சத்தம் போட்டு, மூட்டை ஏற்றி வந்த லோடு ஆட்டோவை மறித்தார். செழியன் கையில் அப்போதும் ஸ்பேனர் இருந்ததாம். மொத்தம் பதினோரு நிமிஷம். வீட்டில் கிளம்பிய நேரத்தையும் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்த நேரத்தையும் வைத்து அவன் பிறகு கணக்குப் பார்த்திருக்கிறான், பைத்தியக்காரன். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். அதை அவள் புருஷனிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? எனக்கு அந்த டாக்டர் மேல் இன்றைக்கும் கோபம் போகவில்லை.

வானதி தஞ்சாவூரிலிருந்து பாசஞ்சரில் வந்து இறங்கினாள். எப்படி நடந்தது என்பதை வீட்டுக்குள் நுழைவதற்குள்ளாகவே நாலு பேர் அவளிடம் சொல்லிவிட்டார்கள். அம்மாவின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து அவனிடம் வந்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஊருல ஓடுற வண்டியெல்லாம் உங்க கையாலதான் ஓடுது. எங்கம்மா உக்காந்த வண்டி மட்டும் எப்படிப்பா நின்னுச்சு?"

அவள் அவனை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.

பதினாறாம் நாள் காரியத்தை மைத்துனர்கள் செய்தார்கள். இவன் மறுக்கவில்லை, அவளுக்குப் பிடித்தது நடக்கட்டும் என்று தள்ளி நின்றான். மறுநாள் நானும் அவனும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கடையில் நிறுத்தினோம். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவன் கேட்காமல் டேங்கை இறக்கினான். பெட்ரோலை வடித்த வாளியில் அடியில் தண்ணீர் தனியாக நின்றது. பம்பை உருவினால் சல்லடை முழுவதும் செங்காவிச் சேறு. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வெளிநாட்டுக்காரன் வண்டியில்கூட நான் அவ்வளவு துருவைப் பார்த்ததில்லை.

தினம் ஓடுகிற வண்டி, எப்போதும் முக்கால் டேங்க் பெட்ரோல் வைத்திருக்கிற ஆள், மூடி ரப்பரும் நன்றாக இருக்கிறது, பிறகு தண்ணீர் எங்கே இருந்து வந்தது? எனக்குப் புரியவில்லை. அவன் மூடியின் பள்ளத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் ஊசி நுழைகிற அளவு ஒரு துளை உண்டு. மழைத் தண்ணீர் பள்ளத்தில் விழுந்தால் அந்தத் துளை வழியாக இறங்கி, ஒரு குழாய் வழியே தரையில் சொட்டிவிடும். துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் பள்ளத்திலேயே நிற்கும். நின்றால், ரப்பர் நன்றாக இருந்தாலும், மூடியில் இருக்கும் காற்றுத் துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாக டேங்குக்குள் இறங்கும். செழியன் ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லை. பள்ளத்தில் தளும்பிக்கொண்டு நின்றது.

கிளட்ச் ஒயரில் ஒரு இழையைப் பிரித்தெடுத்து அந்தத் துளைக்குள் விட்டுக் குத்தினான். முதலில் வரவில்லை. பிறகு பென்சில் சீவினால் விழுவது போல மஞ்சளாக ஒரு துணுக்கு வந்தது. அப்புறம் கொஞ்சம் சிவப்பு. மறுபடி மஞ்சள். சந்தன வில்லையில் சந்தனம் எங்கே இருக்கிறது, எல்லாம் மாவும் பசையும்தான். காய்ந்தால் சிமெண்டு.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம்தான்.

"டேய் செழியா, இது உன்னோட அஜாக்கிரதை இல்லடா. அன்னிக்கே நீ டேங்கை இறக்கிக் கழுவியிருந்தாலும், இந்தத் துளை அடைச்சிருக்கிற வரைக்கும் மறுபடி தண்ணி எறங்கியிருக்கும். புள்ளைகிட்ட இதைக் காட்டு. வா, இப்பவே போவோம்."

அவன் உள்ளங்கையில் இருந்த துணுக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இத வெச்சது யாரு பாய்?" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல், அப்பா பத்திரமாக வர வேண்டும் என்று அந்தப் பெண் ரயிலுக்கு ஓடுகிற அவசரத்தில் வைத்த உருண்டை. அதுதான் அம்மாவைப் பாதி ரோட்டில் இறக்கிவிட்டது.

"வெச்சது அவளா இருந்தாலும், துளைக்குள்ள தள்ளினது என் துணிதான். வாரா வாரம் நான்தானே தேச்சேன்? நீங்களே பாத்துச் சிரிச்சீங்களே" என்றான். "இப்ப இதைப் போய் அவகிட்டச் சொன்னா, என்மேல இருக்கிற கோவம் போயிடும். அப்புறம் அவ என்ன பண்ணுவா? இருபத்தோரு வயசு பாய். இன்னும் எத்தனை வருஷம் இதை வெச்சுக்கிட்டு இருப்பா?"

"அதுக்காக நீ கெட்டவனா இருப்பியா?"

"இருந்துட்டுப் போறேன்."

அன்றைக்குத்தான் சத்தியம் வாங்கினான். நான் கோபத்தில் செய்துகொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து என் மனைவி ஆமினாவிடம்கூடச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஐந்து மாதம் ஒரே வீட்டில் இருந்தார்கள். வானதி காலையில் சோறு வடித்து, குழம்பு வைத்து, தட்டைப் போட்டு மூடிவிட்டு உள்ளே போய்விடுவாள். அவன் தானாக எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வருவான். பரீட்சை எழுதினாள், சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கிடைத்த விஷயமே அவனுக்கு என் மூலமாகத்தான் தெரியும். இடையில் எத்தனையோ தடவை உண்மை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் கடை வழியாகப் போகும்போதெல்லாம் "நல்லா இருக்கீங்களா மாமா" என்று என்னிடம் மட்டும் கேட்டுவிட்டு, பக்கத்துக் கடையைப் பார்க்காமல் போவாள். அப்போது எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவே கிடையாது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆனியில் ஒரு காலை. சென்னைக்குக் கிளம்புகிற அன்று, ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னால், பெட்டியோடு வந்து செழியன் கடை முன்னால் நின்றாள். அவன் யாருடைய டேங்கையோ குலுக்கிக்கொண்டிருந்தான். கீழே வைத்துவிட்டு எழுந்தான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நகர்ந்தேன்.

"மாமா, நீங்களும் இருங்க" என்றாள்.

பிறகு அவனைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க டேங்கைப் பிரிச்சுப் பாத்தீங்கன்னு எனக்குத் தெரியும். அதுல என்ன இருந்துச்சு?"

செழியன் கையைத் துடைத்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன், அன்றைக்குத் தடுமாறவே இல்லை. எத்தனை நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தானோ.

"தண்ணிம்மா. மூடியில இருக்கிற ரப்பர் வாஷர் போயிடுச்சு. மழைத்தண்ணி உள்ள எறங்கி டேங்க் துருப் புடிச்சுப் பம்ப் அடைச்சிருச்சு."

"வாஷர் போனது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"கார்த்திகையிலேருந்து."

"அது என்ன விலை?"

அவன் கைத்துணியை மடித்தான். அவள் என்னைப் பார்த்தாள். "மாமா, உங்க கடையிலதான் இருக்கும். என்ன விலை?"

நாற்பது ரூபாய் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதற்கு நான் மறுமையில் பதில் சொல்லியாக வேண்டும்.

வானதி அழவில்லை. குரல் மட்டும் இறங்கிவிட்டது.

"வாரா வாரம் அந்த வண்டிக்கு நான் சந்தனம் வெச்சேன். உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். இருந்தாலும் நீங்க நல்லபடியா வரணும்னு வெச்சேன். என்னால முடிஞ்சது அதுதான், அதை நான் ஒரு வாரம்கூட விட்டதில்ல. உங்களால முடிஞ்சதை நீங்க செய்யல."

"ஆமாம்மா" என்றான் செழியன்.

"ஸ்டேஷனுக்கு வராதீங்க. போனும் பண்ணாதீங்க."

"சரிம்மா."

பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள். கேட் மூடியிருந்தது. நின்ற வண்டிகளுக்கு நடுவே புகுந்து, குனிந்து, அந்தப் பக்கம் போய்விட்டாள். அவள் தலை மறைகிற வரைக்கும் செழியன் நிமிர்ந்தே நின்றான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நம்பிட்டாளா பாய்?" என்று கேட்டான்.

"நம்பிட்டா" என்றேன்.

ஆனந்தவல்லி செத்தபோதுகூட அழாத மனுஷன், கேட்டில் நிற்கிற அத்தனை பேரும் பார்க்க, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான்.